ஒரே ஒரு தடவை மட்டும் புதுக் கெர்னல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்ததால் முழுப் பகுதியையும் பூட்லோடருக்கே கொடுத்துவிட்டேன். மெஷின் எழும்போது லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றிவிடும் நிரல் அது, பலரிடம் இருப்பது கிரப். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள், ‘கிரப்_’ என்று தொடங்கும் மாறிகளை முழுக்கப் பெரிய எழுத்தில், பூட் மெனு வரிகளின் பெயர்களை ஃபைலில் இருக்கிறபடியே.

கேள்வி: வெளிநாட்டு டேட்டா சென்டர் ஒன்றில் ஒரு உபுண்டு சர்வரை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். எஸ்எஸ்எச் தவிர அதைத் தொட எனக்கு வேறு வழி கிடையாது. புதுக் கெர்னல் ஒன்றை நிறுவி, ஒரு தடவை மட்டும் அதில் பூட் செய்து பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் தானாகப் பழைய கெர்னலுக்கே திரும்பிவிட வேண்டும். ‘கிரப்-ரீபூட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது போதும் என்கிறார் நண்பர். போதுமா சார்? (வாசகர், கோவை)

பதில்: போதாது. நண்பர் சொன்னது பாதிதான், மீதிப் பாதி தெரியாமல் ரீபூட் கொடுத்தால் சர்வர் கையைவிட்டுப் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

/பூட்/கிரப்/ அடைவுக்குள் ‘கிரப்என்வி’ என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும், சரியாக 1024 பைட். கிரப்-ரீபூட் செய்வதெல்லாம் அதற்குள் ‘நெக்ஸ்ட்_என்ட்ரி’ என்று ஒரு வரி எழுதி வைப்பதுதான். அடுத்து எழும் கிரப்புக்கு நாம் விட்டுச்செல்லும் துண்டுச்சீட்டு அது. மெஷின் திரும்ப எழும்போது கிரப் அந்தச் சீட்டைப் படிக்கும், எந்த மெனு வரி என்று குறித்துக்கொள்ளும், உடனே சீட்டை அழித்து ஃபைலைத் திரும்ப எழுதிவிடும், அதற்குப் பிறகுதான் கெர்னலை ஏற்றும். இந்த வரிசையில்தான் எல்லாமே இருக்கிறது. முதலில் அழித்துவிட்டுப் பிறகு ஏற்றுவதால், புதுக் கெர்னல் எழுந்த வேகத்தில் செத்தாலும் அடுத்த பூட்டில் சீட்டு இருக்காது, கிரப் வழக்கமான கெர்னலுக்குப் போய்விடும்.

அந்த ‘வழக்கமான கெர்னல்’ எது என்பதுதான் சிக்கலே. உபுண்டுவில் நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் கிரப்_டிஃபால்ட்=0 என்று இருக்கும், அதாவது மெனுவின் முதல் வரி. மெனுவை உருவாக்கும் ஸ்கிரிப்டோ கெர்னல்களைப் பதிப்பு எண்படி வரிசைப்படுத்தி உயர்ந்த எண்ணை மேலே வைக்கிறது. ஆக, நீங்கள் சோதிக்க நினைக்கும் புதுக் கெர்னலை நிறுவிய அந்த நிமிடமே அது டிஃபால்ட் ஆகிவிட்டது, நீங்கள் கிரப்-ரீபூட் போட்டாலும் போடாவிட்டாலும். அது எழாமல் போனால் திரும்ப ரீபூட் ஆகும், சீட்டு இல்லை, முதல் வரிக்குப் போகும், அதே கெர்னல், அதே சாவு. சர்வர் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். எனவே புதுசை ஒரு தடவைக்குக் குறிப்பதற்கு முன்னால் பழசை நிரந்தரமாகக் குறிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான்.

இனி செய்முறை. முதலில் புதுக் கெர்னலை நிறுவி முடியுங்கள், ஆனால் ரீபூட் செய்யாதீர்கள். /இடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலைத் திறந்து கிரப்_டிஃபால்ட் வரியில் 0 என்பதை ‘சேவ்டு’ என்று மாற்றுங்கள். அதே ஃபைலில் கிரப்_டைம்அவுட் மதிப்பு -1 ஆக இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். -1 என்றால் யாராவது வந்து என்டர் தட்டும் வரை மெனு காத்திருக்கும், உங்கள் சர்வர் முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. பிறகு சூடோ அப்டேட்-கிரப்.

அப்புறம் மெனு வரிகளின் பெயர்கள் வேண்டும். /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி ஃபைலில் ‘மெனுஎன்ட்ரி’, ‘சப்மெனு’ என்ற இரண்டு சொற்களையும் கிரெப் கட்டளையால் தேடினால் எல்லா வரிகளும் வந்துவிடும். பழைய கெர்னல்கள் மேல் மட்டத்தில் இருக்காது, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு’ என்ற துணைமெனுவுக்குள் இருக்கும். அதனால் முழுப் பாதை கொடுக்க வேண்டும்: துணைமெனுவின் பெயர், பிறகு > குறி, பிறகு உள்ளே இருக்கும் வரியின் பெயர், இடையில் வெற்றிடம் இல்லாமல். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு>உபுண்டு, வித் லினக்ஸ் 6.8.0-45-ஜெனரிக்’ என்கிற மாதிரி. முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போடுவது கட்டாயம்.

ஏன் கட்டாயம் என்றால், > என்பது ஷெல்லுக்கு (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்கு) வேறு அர்த்தம் உள்ள குறி. பலர் சுருக்கமாக எண்ணால் 1>2 என்று கொடுப்பார்கள், எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும் என்பதால் இரண்டாவது மெனு வரி, அதற்குள் மூன்றாவது வரி என்று பொருள். மேற்கோள் இல்லாமல் அடித்தால் ஷெல் அதை ‘வெளியீட்டை 2 என்ற ஃபைலில் எழுது’ என்று எடுத்துக்கொள்ளும். கிரப்-ரீபூட்டுக்கு எந்த வரியும் போய்ச் சேராது, நீங்கள் நிற்கும் அடைவில் ‘2’ என்று ஒரு வெற்று ஃபைல்தான் உருவாகியிருக்கும். மேற்கோள் போட்டாலும் எண்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாளைக்கு இன்னொரு கெர்னல் நிறுவப்பட்டால் வரிசை நகர்ந்துவிடும், 1>2 வேறு ஏதோ ஒன்றைக் காட்டும். பெயரைக் கொடுங்கள், அல்லது அதைவிட நல்லது, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘ஜிஎன்யூலினக்ஸ்-’ என்று தொடங்கும் அடையாளம் ஒன்று இருக்கும், பாதையில் பெயருக்குப் பதிலாக அதைக் காப்பி செய்து கொடுங்கள். பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் இந்தக் கட்டளை எச்சரிக்காது, கொடுத்ததை அப்படியே எழுதிக்கொள்ளும். பூட் நேரத்தில் அந்தப் பெயரில் வரி இல்லை என்றால் கிரப் முதல் வரிக்குப் போய்விடும். முதல் வரி எது என்று மேலே சொன்னேன்.

இப்போது சூடோ கிரப்-செட்-டிஃபால்ட் என்று அடித்து, பக்கத்தில் பழைய கெர்னலின் பாதையைக் கொடுங்கள். உடனே சூடோ கிரப்-எடிட்என்வி லிஸ்ட் போட்டுப் பாருங்கள், ‘சேவ்டு_என்ட்ரி’ என்ற வரியில் பழைய கெர்னல் வந்திருக்க வேண்டும். முடிந்தால் இந்த இடத்திலேயே ஒரு முறை ரீபூட் செய்து, யூநேம் -ஆர் பழைய எண்ணையே காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். திரும்பும் வழி வேலை செய்கிறது என்பது நிச்சயமான பிறகு போவதுதான் நிம்மதி. கடைசியாக சூடோ கிரப்-ரீபூட், பக்கத்தில் புதுக் கெர்னலின் பாதை. மறுபடி எடிட்என்வி லிஸ்ட். இப்போது சேவ்டு_என்ட்ரி பழசு, நெக்ஸ்ட்_என்ட்ரி புதுசு என இரண்டு வரிகள் தெரிய வேண்டும்.

ரீபூட் கொடுக்கும் முன் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கெர்னல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் சிக்கினால், லினக்ஸ் தானாக ரீபூட் ஆகாது, செய்தியைத் திரையில் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். அதுதான் இயல்பான நடத்தை. சீட்டு அழிந்திருந்தும் பயனில்லை, ரீபூட் நடந்தால்தானே கிரப் திரும்ப வரும். எனவே கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் வரியில் பேனிக்=30 என்று சேர்த்து அப்டேட்-கிரப் ஓட்டிவிடுங்கள், பேனிக் ஆன 30 விநாடியில் தானே ரீபூட் ஆகும். இதை சிஸ்சிடிஎல் (ஓடும் கெர்னலின் அமைப்புகளை மாற்றும் கட்டளை) வழியாகவும் அமைக்கலாம், ஆனால் அந்த அமைப்பு யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு மேல் ஓடும் நிரல்கள்) எழுந்த பிறகுதான் அமலுக்கு வரும். ரூட் டிஸ்க்கையே மவுண்ட் செய்ய முடியாமல் சாகும் கெர்னலுக்கு அது உதவாது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் பேனிக்= அமைப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. ரூட் டிஸ்க் கிடைக்காவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க் மவுண்ட் ஆகும் வரை நினைவகத்தில் ஓடும் தற்காலிகச் சிறு அமைப்பு) ஒரு ஷெல்லைத் திறந்து வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கும், இந்த அமைப்பு இருந்தால் ஷெல்லைத் திறக்காமல் ரீபூட் ஆகிவிடும். தொலைதூர சர்வருக்கு இது இல்லாமல் இறங்கவே கூடாது என்பேன்.

தோற்றுத் திரும்பும்போது உபுண்டுவில் மெனு வழக்கத்தைவிட நீண்ட நேரம், 30 விநாடி வரை, நிற்கக்கூடும். போன பூட் முழுசாக முடியவில்லை என்பதை அது கவனித்து வைத்திருக்கிறது. பதற வேண்டாம். நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் கிரப்_ரெக்கார்ட்ஃபெயில்_டைம்அவுட்=5 என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நீங்கள் சொல்லும் முறையில்தான் கிரப்-ரீபூட் போட்டேன். புதுக் கெர்னலில் நன்றாகவே எழுந்தது. ஆனால் அதற்கப்புறம் எத்தனை முறை ரீபூட் செய்தாலும் அதே கெர்னல்தான் வருகிறது, பழசுக்குத் திரும்பவே இல்லை. எடிட்என்வி லிஸ்டில் நெக்ஸ்ட்_என்ட்ரி அப்படியே இருக்கிறது. ரூட் பார்ட்டிஷன் பிடிஆர்எஃப்எஸ், /பூட் அதற்குள்ளேயே இருக்கிறது. (வாசகர், திருச்சி)

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். சீட்டை எழுதியது லினக்ஸ், அழிக்க வேண்டியது கிரப். லினக்ஸுக்கு எல்லா ஃபைல்சிஸ்டத்திலும் எழுதத் தெரியும், கிரப்புக்குத் தெரியாது. கிரப் மிகச் சின்ன நிரல், டிஸ்க்கைப் படிக்கத்தான் அதற்குப் பல வகைகள் தெரியும். எழுதுவது என்றால் கிரப்என்வி ஃபைலின் அந்த 1024 பைட் டிஸ்க்கில் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் நேராகப் போய் மாற்றி எழுதும், அவ்வளவுதான். அதனால்தான் அந்த ஃபைலின் அளவு மாறுவதே இல்லை, வரிகள் போக மீதி இடமெல்லாம் # குறியால் நிரப்பியிருக்கும், திறந்து பார்த்தால் தெரியும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்றவை ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்திருக்கின்றன, நடுவில் புகுந்து நேராக மாற்றினால் கணக்கு உதைக்கும். எனவே கிரப் அங்கே எழுதுவதில்லை. எல்விஎம், மென்பொருள் ரெய்டு (டிஸ்க்குகளைச் சேர்த்தும் பிரித்தும் காட்டும் அடுக்குகள்) மேல் /பூட் இருந்தாலும் இதே கதைதான். உங்கள் மெஷினில் சீட்டைப் படித்தது, அழிக்க முடியவில்லை, அடுத்த தடவையும் அதே சீட்டைப் படித்தது.

உங்களுக்குக் கெர்னல் நன்றாக எழுந்ததால் பிரச்சினை இவ்வளவோடு நின்றது. எழாத கெர்னலாக இருந்திருந்தால் மீட்பு டிஸ்க்கோடு மெஷின் முன்னால் போய் உட்கார வேண்டியிருந்திருக்கும்.

இப்போதைக்கு சூடோ கிரப்-எடிட்என்வி, பிறகு வெற்றிடம் விட்டு ஹைஃபன் ஒன்று, பிறகு அன்செட் நெக்ஸ்ட்_என்ட்ரி என்று அடியுங்கள், சீட்டு போய்விடும், அடுத்த பூட் டிஃபால்ட்டுக்கே போகும். சிலர் இதையே பூட் ஆனவுடன் ஓடும் சர்வீஸாக எழுதி வைக்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். சர்வீஸ் ஓட வேண்டும் என்றால் கெர்னல் முழுசாக எழுந்திருக்க வேண்டும், எழாதபோது திரும்பி வரத்தானே இந்த ஏற்பாடே. நிரந்தரத் தீர்வு /பூட்டுக்கு என்று தனியாக ஒரு இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் 33-ஆம் பதிப்பிலிருந்து ரூட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்தினாலும் /பூட்டைத் தனி இஎக்ஸ்டி4 ஆகத்தான் வைக்கிறது. யூஈஎஃப்ஐ மெஷின் (பழைய பயாஸுக்குப் பதில் வந்த ஃபர்ம்வேர் உள்ளது) என்றால் சீட்டை டிஸ்க்கில் வைக்காமல் ஃபர்ம்வேரின் நினைவிலேயே வைக்கும் வழி உண்டு, சிஸ்டம்டி-பூட் என்ற இன்னொரு பூட்லோடர் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

உங்கள் மெஷின் இந்த வகையில் வருமா என்று மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், சூடோ கிரப்-புரோப் --டார்கெட்=ஆப்ஸ்ட்ராக்‌ஷன் /பூட்/கிரப் என்று ஓட்டுங்கள். வெறுமையாக வந்தால் சாதா டிஸ்க், நல்லது. எல்விஎம் என்றோ எம்டிரெய்டு என்றோ வந்தால் கிரப்-ரீபூட்டை நம்பாதீர்கள். அடுத்து அதே கட்டளையை --டார்கெட்=எஃப்எஸ் என்று மாற்றி ஓட்டினால் ஃபைல்சிஸ்டம் தெரிந்துவிடும். உபுண்டு சர்வர் நிறுவலில் எல்விஎம் தேர்ந்திருந்தாலும் /பூட் பெரும்பாலும் வெளியே தனி இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனாக இருக்கும், அப்படி இருந்தால் கவலை இல்லை.

கேள்வி: பேனிக்=30 போட்டிருந்தும் சோதனைக் கெர்னலில் போன சர்வர் திரும்பவே இல்லை. சப்போர்ட்டில் சொல்லிப் பவரை நிறுத்திப் போட்ட பிறகுதான் பழைய கெர்னலில் வந்தது. என்ன நடந்திருக்கும்? (வாசகர், சென்னை)

பதில்: பேனிக் ஆகாமலும் ஒரு கெர்னல் உபயோகமில்லாமல் போகலாம், நடைமுறையில் அதுதான் அதிகம். கெர்னல் அருமையாக எழுந்திருக்கும், டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும், எல்லா சர்வீஸும் ஓடும், நெட்வொர்க் கார்டின் டிரைவர் மட்டும் அந்தக் கெர்னலில் சேராமல் விட்டுப்போயிருக்கும், அல்லது கார்டின் பெயர் மாறி ஐபி முகவரி ஒட்டாமல் போயிருக்கும். கெர்னலின் பார்வையில் எந்தப் பிழையும் இல்லை, உங்களால் உள்ளே போக முடியவில்லை, அவ்வளவே.

இதற்கு நான் பரிந்துரைப்பது, சோதனைக்கு முன்பே தானியங்கி ரீபூட் ஒன்றை வைத்துவிட்டுப் போவது. ரூட்டின் கிரான்டேபில் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியல்) @ரீபூட் என்று தொடங்கும் ஒரு வரி எழுதுங்கள், யூநேம் -ஆர் சோதனைக் கெர்னலின் எண்ணாக இருந்தால் மட்டும் ஷட்டவுன் -ஆர் +15 ஓட வேண்டும் என்று. நீங்கள் உள்ளே போக முடிந்தால் முதல் வேலையாக ஷட்டவுன் -சி அடித்து அதை ரத்து செய்யுங்கள். போக முடியாவிட்டால் 15 நிமிடத்தில் தானே ரீபூட் ஆகும், சீட்டு ஏற்கெனவே அழிந்துவிட்டதால் பழைய கெர்னல் வரும். அந்த ‘சோதனைக் கெர்னலாக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள், விட்டால் பழைய கெர்னலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும்.

பேனிக்கும் ஆகாமல், கிரான் ஓடும் அளவுக்கும் வராமல், நடுவில் உறைந்துபோகும் கெர்னலுக்கு மென்பொருளால் முழு மருந்து கிடையாது. சாஃப்ட்லாக்அப்_பேனிக்=1 என்று கெர்னல் வரியில் கொடுத்தால் சில வகை உறைதல்கள் பேனிக்காக மாறும், பேனிக் ஆனால் 30 விநாடியில் ரீபூட். மற்றதற்கு ஹார்டுவேர் வாட்ச்டாக் (மெஷின் உறைந்தால் தானே ரீபூட் செய்யும் டைமர்) வேண்டும், அதையும் ஓஎஸ் எழுவதற்கு முன்பே ஃபர்ம்வேரோ பிஎம்சியோ (சர்வரைத் தனியாகக் கண்காணிக்கும் சிப்) ஓடவிட்டால்தான் இந்தக் கட்டத்தில் உதவும். வாடகை சர்வரில் அந்த வசதி கிடைக்குமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீரியல் கன்சோல் தருவார்களா என்பதையும். கெர்னல் கடைசியாக என்ன சொல்லிவிட்டுச் செத்தது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஜர்னல்சிடிஎல் -பி -1 போட்டால் போன பூட்டின் பதிவு வரும் என்பார்கள், உண்மைதான், ஆனால் ஜர்னல் டிஸ்க்கில் சேமிக்கப்பட வேண்டும், கெர்னல் டிஸ்க்கில் எழுதும் நிலை வரைக்கும் வந்திருக்கவும் வேண்டும். உங்கள் கதையில் நெட்வொர்க் மட்டும் போயிருந்தால் அந்தப் பதிவு இருக்க வாய்ப்பு அதிகம், தேடிப் பாருங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் கிரப் இல்லை, சிஸ்டம்டி-பூட். இதில் ஒரு தடவை மட்டும் வேறு கெர்னல் எப்படி? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: கிரப்பைவிடச் சுலபம். பூட்சிடிஎல் லிஸ்ட் என்று அடித்தால் எல்லா வரிகளும் அடையாளத்தோடு வரும். வேண்டியதன் அடையாளத்தை பூட்சிடிஎல் செட்-ஒன்ஷாட் என்ற கட்டளைக்குக் கொடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் சிஸ்டம்சிடிஎல் ரீபூட் --பூட்-லோடர்-என்ட்ரி= என்று போட்டு அடையாளத்தைச் சேர்த்தால் இரண்டும் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

இங்கே சீட்டு இருப்பது யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேரின் மாறி ஒன்றில், பெயர் லோடர்என்ட்ரிஒன்ஷாட். டிஸ்க் எந்த ஃபைல்சிஸ்டமாக இருந்தாலும் அதற்குச் சம்பந்தமில்லை, சிஸ்டம்டி-பூட் படித்தவுடன் அழித்துவிடும். திருச்சி வாசகருக்கு வந்த தொல்லை இங்கே வராது. கூடவே எனக்கு ரொம்பப் பிடித்த வசதி ஒன்று இதில் உண்டு. மெனு வரிக்கான ஃபைலின் பெயர் முடிவில், .சிஓஎன்எஃப் என்பதற்கு முன்னால், +3 என்று சேர்த்தால் அந்தக் கெர்னலுக்கு மூன்று வாய்ப்பு என்று பொருள். ஒவ்வொரு முயற்சியிலும் பூட்லோடர் ஃபைல் பெயரை மாற்றி எண்ணிக்கையைக் குறைக்கும், வெற்றிகரமாக எழுந்தால் சிஸ்டம்டி அந்த எண்ணையே நீக்கிவிடும், எண் பூஜ்யமானால் அந்த வரி மெனுவின் கடைசிக்குத் தள்ளப்பட்டு வேறு கெர்னல் வரும்.

கேள்வி: ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும். எப்போதாவது ஒரு முறை விண்டோஸுக்குப் போக வேண்டும், அதற்காக மெனு முன்னால் காத்திருக்கப் பிடிக்கவில்லை. (வாசகர், மதுரை)

பதில்: யூஈஎஃப்ஐ மெஷின் என்றால் சூடோ ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று மட்டும் அடியுங்கள், ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று தெரியும். பிறகு அதே கட்டளையோடு -என் சேர்த்து அந்த எண்ணைக் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். -என் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும், பெரிய எழுத்தில் கொடுத்தால் குறித்ததை அழித்துவிடும். இது பூட்நெக்ஸ்ட் என்ற ஃபர்ம்வேர் மாறி, கிரப்புக்கும் முந்தைய கட்டத்திலேயே வேலை செய்கிறது, ஒரு தடவை பயன்பட்டதும் ஃபர்ம்வேரே நீக்கிவிடும். விண்டோஸ் இடையில் அப்டேட்டுக்காகத் தானே ரீபூட் ஆனால் லினக்ஸ் வந்துவிடும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பயாஸ் மெஷின் என்றால் கிரப்-ரீபூட்டுக்கு விண்டோஸ் வரியின் பெயரைக் கொடுப்பதுதான் வழி.

கேள்வி: ஃபெடோராவில் துணைமெனுவே தெரியவில்லை, அப்டேட்-கிரப் கட்டளையும் இல்லை. (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: ஃபெடோரா, ரெட் ஹேட் குடும்பத்தில் கட்டளை கிரப்2-ரீபூட். ஒவ்வொரு கெர்னலுக்கும் /பூட்/லோடர்/என்ட்ரீஸ் அடைவில் தனித்தனி ஃபைல், மெனு ஒரே மட்டம்தான், > குறியெல்லாம் வேண்டாம். சூடோ கிரப்பி --இன்ஃபோ=ஆல் என்று (அந்த ‘ஆல்’ மட்டும் பெரிய எழுத்தில்) போட்டால் எல்லாக் கெர்னலும் வரிசை எண்ணோடு வரும். பழசை நிரந்தரமாக்க கிரப்பி --செட்-டிஃபால்ட், பக்கத்தில் அந்தக் கெர்னல் ஃபைலின் பாதை. இங்கே கவனிக்க வேண்டியது /இடிசி/சிஸ்கான்ஃபிக்/கெர்னல் ஃபைல். அதில் அப்டேட்டிஃபால்ட்=எஸ் என்று இருந்தால் புதிதாக நிறுவும் கெர்னல் தானே டிஃபால்ட் ஆகிவிடும். சோதனைக்கு நிறுவும் முன் ‘நோ’ என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கெஎக்செக் இருக்கும்போது பூட்லோடரை ஏன் தொட வேண்டும்? (வாசகர், பெங்களூரு)

பதில்: நியாயமான கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து நேரடியாக இன்னொரு கெர்னலுக்குத் தாவும் வசதி இது, 2005-இல் 2.6.13 பதிப்பில் சேர்ந்தது. கெஎக்செக் -எல் கொடுத்துக் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் நினைவகத்தில் ஏற்றி வைத்துவிட்டு, சிஸ்டம்சிடிஎல் கெஎக்செக் போட்டால் சர்வீஸ்கள் ஒழுங்காக நின்ற பிறகு தாவும். எங்கேயும் எதுவும் எழுதப்படுவதில்லை, அதனால் அழிக்க வேண்டிய சீட்டும் இல்லை, அடுத்த சாதாரண ரீபூட் டிஃபால்ட்டுக்கே போகும். மெமரி சோதனை என்று பல நிமிடம் எடுத்துக்கொள்ளும் பெரிய சர்வர்களில் அந்த நேரமெல்லாம் மிச்சம்.

ஆனால் ஃபர்ம்வேர் வழியாகப் போகாததால் சாதனங்கள் முந்தைய கெர்னல் விட்டுச்சென்ற நிலையிலேயே இருக்கும், சில கிராஃபிக்ஸ், நெட்வொர்க் டிரைவர்கள் அதில் தடுமாறும். அங்கே தோற்றால் கெர்னல் சரியில்லையா, தாவியது சரியில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எழுந்தாலும், நிஜ பூட்டில் எழும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. செக்யூர் பூட் இருக்கும் மெஷினில் கையெழுத்திடாத கெர்னலை ஏற்றவும் விடாது. முதல் கட்டமாக கெஎக்செக்கில் பார்த்துவிட்டு, அடுத்ததாக கிரப்-ரீபூட் என்று போவதில் தவறில்லை, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: லிலோ காலத்திலேயே இது இருந்ததே? (வாசகர், சேலம்)

பதில்: இருந்தது. லிலோ ஒரு பழைய பூட்லோடர். லிலோ -ஆர், பக்கத்தில் கெர்னலின் லேபிள், அந்த ஆர் பெரிய எழுத்து. அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் அந்த வரியை எடுத்துக்கொள்ளும். பழைய கிரப் 0.97-இல் கிரப் ஷெல்லுக்குள் போய் சேவ்டிஃபால்ட் --டிஃபால்ட்=2 --ஒன்ஸ் என்று கொடுக்க வேண்டியிருந்தது. லிலோவின் வளர்ச்சி 2015 டிசம்பரோடு நின்றுவிட்டது, இன்னும் அதில் ஓடும் மெஷின் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: ராஸ்பெர்ரி பையில் கிரப்பும் இல்லை, யூஈஎஃப்ஐயும் இல்லை. தோட்டத்து ஷெட்டில் உயரத்தில் மாட்டியிருக்கிறேன், எஸ்டி கார்டைக் கழற்ற முடியாது. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ட்ரைபூட் என்று ஒரு வசதி இருக்கிறது. கான்ஃபிக்.டிஎக்ஸ்டி இருக்கும் அதே பார்ட்டிஷனில் அதன் நகலாக ட்ரைபூட்.டிஎக்ஸ்டி என்று ஒரு ஃபைல் உருவாக்கி, அதில் மட்டும் கெர்னல்= வரியை மாற்றுங்கள். பிறகு சூடோ ரீபூட், மேற்கோளுக்குள் 0 ட்ரைபூட். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் கான்ஃபிக்குக்குப் பதில் ட்ரைபூட் ஃபைலைப் படிக்கும், அடுத்த ரீபூட்டில் பழையபடி. ஃபர்ம்வேர் ரொம்பப் பழசாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். சென்னை வாசகருக்குச் சொன்ன கிரான் வரியை இங்கேயும் வையுங்கள், உயரத்தில் இருக்கும் பைக்கும் அது அவ்வளவு அவசியம்.

கேள்வி: சோதனை முடிந்தது, புதுக் கெர்னல் ஒழுங்காக ஓடுகிறது. இனி நிரந்தரமாக்கலாம் என்றால் என்ன செய்ய வேண்டும், பழசை நீக்கிவிடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் நிஜமாகவே புதுசில்தான் இருக்கிறீர்களா என்று யூநேம் -ஆர் போட்டுப் பாருங்கள், லாஸ்ட் ரீபூட் என்று அடித்தாலும் ஒவ்வொரு பூட்டும் எந்தக் கெர்னலில் நடந்தது என்று வரிசையாக வரும். அப்புறம் கிரப்-செட்-டிஃபால்ட்டுக்குப் புதுக் கெர்னலின் பாதையைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கிரான் வரியை நீக்க மறக்க வேண்டாம், பேனிக்=30 இருக்கட்டும். ‘சேவ்டு’ என்று வைத்துவிட்டதால் இனி வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் புதுக் கெர்னலைக் கொண்டுவந்தாலும் மெஷின் நீங்கள் குறித்ததிலேயே எழுந்துகொண்டிருக்கும். அது வேண்டாம் என்றால் கிரப்_டிஃபால்ட்=0 என்று திரும்ப மாற்றி அப்டேட்-கிரப் ஓட்டிவிடுங்கள். நீங்களே தொகுத்த கெர்னலாக இருந்தால் 0 வேண்டாம், சேவ்டு என்றே விட்டுவிட்டு ஒவ்வொரு புதுப்பிப்பையும் இதே முறையில் சோதித்து ஏற்றுங்கள்.

பழசை இப்போதே நீக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் நிஜ வேலைச் சுமையில் ஓடட்டும். ஆப்ட் ஆட்டோரிமூவ் அதைத் தூக்கிவிடாமல் இருக்க, அந்தக் கெர்னலின் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மாட்யூல்ஸ் தொகுப்புகள் இரண்டுக்கும் ஆப்ட்-மார்க் ஹோல்டு போட்டு வையுங்கள். /பூட் தனி பார்ட்டிஷன் என்றால் டிஎஃப் போட்டு இடம் எவ்வளவு பாக்கி என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், அது நிரம்பினால் அடுத்த கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றுபோகும்.